பொறவு?

பேட்டையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. எனக்குக் கொடுத்தது 20 நிமிடம். நான் கொண்டுபோனது 42 ஸ்லைடு. 11ஆவதில் மணி அடித்துவிட்டார்கள். மிச்சத்தை, சிறு ஸ்டேஷன்களில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி ஓட்டிவிட்டு இறங்கினேன்.

பேசப் போன பொருள் வில்லுப்பாட்டு. அதுதான் வெட்கக்கேடு. கோயில் கொடையில் பாட்டை நடத்தும் அண்ணாவி வீசுகோலை வில்லில் தட்டிக் கதையை நகர்த்த நகர்த்த, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுக்கொண்டே வருவார். வெறுமனே ஒத்து ஊதுகிறவர் இல்லை அவர். கூட்டத்துக்கு எங்கே விளங்காதோ அங்கே ஒரு கேள்வியைப் போடுவார். கேட்கிற ஆளை மேடையிலேயே உட்காரவைத்த கலை அது. அதைப் பற்றிப் பேச வந்தவன், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாணவனாக இருந்தபோது வேறொரு கிறுக்கு. இராசவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளைக்கு மேடையில் எதுகையும் மோனையும் கைகட்டி நிற்கும். தமிழுக்கு முதல் சாகித்திய அகாதெமி பரிசை 1955இல் வாங்கித் தந்தவர். அவரைப் போலப் பேசுகிறேன் பேர்வழி என்று அடுக்குச் சொற்களை உருப்போட்டுக்கொண்டு மேடையேறினேன். ஒரு சொல் நழுவியது, பின்னால் வந்த அத்தனையும் கூடவே போய்விட்டது. வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி இலக்கியக் கூட்டத்தில் சங்கதி வேறு. கம்பன் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியே கேட்பவரை அதற்குள் இழுத்துவிடுவாராம். ஒரே பாட்டு! எனக்கோ 42 ஸ்லைடு.

அடுத்த அழைப்பு வந்ததும் முதலில் ஆச்சியிடம்தான் சொல்லிப் பார்த்தேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டாள். "பொறவு?" என்று அவள் கேட்ட இடத்தையெல்லாம் வைத்துக்கொண்டேன். வகைப்பாடு, வரலாறு என்று தொடங்கினால் இடிக்கிற சத்தம் கூடிவிடும், அதையெல்லாம் அடித்தேன். பனைமரத்தில் வில் செய்வதைச் சொன்னபோது இடிப்பதையே நிறுத்திவிட்டாள். அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் மிஞ்சியவை வில், அதைத் தாங்கும் குடம், ஆமா. மொத்தம் 4 ஸ்லைடு. கடிகாரத்தைப் பார்த்தால் 14 நிமிடம்தான்.

"முடிஞ்சிட்டாலே?"

"20 நிமிசம் குடுத்திருக்காவ ஆச்சி. இன்னும் கொஞ்சம் சேக்கவா?"

"எதுக்குலே? அவுகளும் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றவள், சுண்ணாம்பு டப்பாவைத் தேட ஆரம்பித்தாள்.