தொட்டால் ஓடாத படம்

மே 10, சனி

பாளையங்கோட்டை வீட்டுப் பின்னறையில் பூப்போட்ட துணியுறைக்குள் கிடந்த கம்ப்யூட்டரை இன்று வெளியே எடுத்தேன். 2004இல் வாங்கியது. என் போனில் படம் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “வெரலு பட்டா ஓடிப் போயிருதுய்யா. அந்தப் பெரிய பொட்டியில போடு.”

பொத்தானை அமுக்கினால் ஃபேன் சுற்றியது, பீப் பீப் என்று கத்தியது, திரையில் ஒன்றும் இல்லை. ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டியதும் உயிர் வந்தது. மதர்போர்டிலுள்ள பொத்தான் பேட்டரி செத்துவிட்டதால் அதன் கணக்கில் இன்று 2004 ஜனவரி 1.

முதல் வேலையாகப் படங்களை எல்லாம் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். இருபது வயது ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியாது. நெட் இணைப்பு கொடுக்கவில்லை. இதில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரல் 8ஓடு நின்றுபோனது.

மே 11, ஞாயிறு

2006 ஆனித் தேரோட்டம். அப்போதைய கேமராவில் படம் 2048க்கு 1536. இந்த மானிட்டர் 1024க்கு 768, சரியாகப் பாதி. ஓரத்தில் கறுப்புப் பட்டை விழாமல் நெல்லையப்பர் தேர் திரை முழுக்க நிற்கிறது. ஜோடி சேர்த்துச் செய்தது போல.

போனில் எடுத்த பேரன் படங்களைப் போட்டதும் பெட்டி திணறியது. ஒரு படத்தில் 1.2 கோடிப் புள்ளி, புள்ளிக்கு 3 பைட். டிஸ்க்கில் 4 எம்பியாகச் சுருண்டு கிடந்தது, திறந்தால் 36 எம்பி. இருக்கும் ராமே 256. மணல் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வந்த படமும் படுத்துக்கொண்டே வந்தது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் படுக்கையாகத்தான் பதிவாகும். ‘என்னை இப்படித் திருப்பு’ என்று ஒரு குறிப்பு மட்டும் கூட இருக்கும். எக்ஸ்பி அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. அம்மா கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “புள்ளைக்குக் காய்ச்சலா?” என்றாள்.

தங்கை ஐபோனிலிருந்து அனுப்பியவை திறக்கவே இல்லை. 2017இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.இ.ஐ.சி வடிவம் 2001இல் பிறந்த எக்ஸ்பிக்கு எப்படித் தெரியும்?

மே 13, செவ்வாய்

லேப்டாப்பில் எல்லாவற்றையும் நிமிர்த்தி, திரைக்கு அடங்குமாறு சுருக்கி, ஜேபெக்காக மாற்றிக் கொடுத்தேன். ஒரு ராத்திரி போயிற்று. தரம் குறையுமே என்று மனசு அடித்துக்கொண்டது; அசல் என்னிடம் இருக்கிறது, போகட்டும்.

வலது அம்புக்குறி விசைமேல் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருக்கிறாள். அமுக்கினால் அடுத்த படம். அமுக்காவிட்டால் அப்படியே நிற்கும். சித்தி கல்யாணப் பந்திப் படத்தில் முக்கால் மணி நேரம் நின்றாள். இலை இலையாக ஆட்களைப் பெயர் சொல்லிக் கொண்டுபோனாள். பாதிப்பேரை எனக்குத் தெரியாது; நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

மே 14, புதன்

நாலு மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் எப்போதோ செத்தாயிற்று. இருட்டுத் திரைக்கு முன்னால் அம்மா விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். “கட்டில்ல படும்மா” என்றேன்.

“எம்பத்து நாலாம் நம்பர் படம்யா, மறந்துராத. கரண்டு வந்ததும் அதுல இருந்து போடு.”