மட்டத் தரை இல்லாத அரங்கம்

ராட்டர்டாமிலிருந்து தென்மேற்கே சீலந்து மாகாணத்துக்குப் போகும் என்57 சாலை ஓரிடத்தில் கடல்மீதே ஓடத் தொடங்குகிறது. அதுதான் ஓஸ்டர்ஸ்கெல்டே புயல் தடுப்பு. 9 கிலோமீட்டர் நீளம், 65 கான்கிரீட் தூண்கள், 62 எஃகு மதகுகள். 1953-இல் வந்த கடல்வெள்ளம் நெதர்லாந்தில் 1,836 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு ஓஸ்டர்ஸ்கெல்டே முகத்துவாரத்தை அடியோடு அடைத்துவிடத்தான் அரசு நினைத்தது. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் விடாமல் எதிர்த்தார்கள். அதனால் எந்நாளும் திறந்திருந்து புயலில் மட்டும் மூடும் மதகுகளாகத் திட்டம் மாறி, 1986-இல் முடிந்தது. கட்டுமானத்துக்காகக் கடலில் எழுப்பிய செயற்கைத் தீவு நேல்ட்யே யான்ஸ். கணினி வழியே பிறந்த கட்டடக்கலையின் முதல் பெரிய சோதனைகளில் இரண்டு, 1997-இல் அங்கேதான் அரங்கேறின. இரண்டுமே நீரைப் பற்றிய காட்சி அரங்கங்கள். நன்னீர் அரங்கத்தை லார்ஸ் ஸ்பாய்ப்ரூக் வடிவமைத்தார். அதோடு ஒட்டிய உப்புநீர் அரங்கம் காஸ் ஓஸ்டர்ஹாய்ஸின் படைப்பு.

நீரைப் பற்றிய காட்சியகம் என்றதும் அலைபோல் கூரை போட்டு நீலக் கண்ணாடி பதிப்பது எளிது. அது நீரின் தோற்றத்தைக் காட்டும், குணத்தைக் காட்டாது. நன்னீர் அரங்கம் குணத்தைப் பிடித்தது. அதைப் பிடித்த இடம் தரை என்பதே என் கருத்து. 65 மீட்டர் நீளத்தில் 14 நீள்வட்டங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் கணினியில் வெவ்வேறு விதமாக நெளித்து, அவற்றின்மேல் ஒரே உறையைப் போர்த்தினார் ஸ்பாய்ப்ரூக். விளைவாக, உள்ளே மட்டமான தரையே இல்லை. தரை ஏறிச் சுவராகிறது, சுவர் வளைந்து கூரையாகிறது. கண்ணுக்குத் தொடுவானம் கிடைக்காததால், வள்ளத்தில் நிற்பவரைப்போல் கால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நீருக்குச் சரிவைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது. அந்த உண்மையை எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு நேராக உடம்புக்குச் சொல்லிவிடாது. நடப்பவரை உணர்விகள் கண்டறிந்து ஒளியலைகளையும் ஒலியையும் எழுப்பின. உப்புநீர் அரங்கமோ வெளியே கடலில் அளந்த வானிலைத் தகவலை உள்ளே ஒளியாகவும் ஒலியாகவும் மாற்றியது.

இது வெறும் வேடிக்கை என்பார்கள் சிலர். பக்கத்திலேயே மதகுகளுக்கிடையே வட கடல் சீறிப் பாயும்போது போலி அலை எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் தடுப்பின்மேல் நிற்கும்போது நாம் பத்திரமாக மேலிருந்து பார்க்கிறோம். அரங்கத்தில் அந்தப் பத்திரம் பறிபோகிறது. முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சரிந்த தரையில் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. பொதுக் கட்டடத்தில் அது உண்மையான குறை. இனி வருபவர்கள் மென்மையான சரிவுகளால் அதைத் தீர்த்தாக வேண்டும். மிகக் கடுமையான ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. 1997-இன் மின்னணு அமைப்புகள் முதல் வடிவில் நீடிக்கவில்லை. 200 ஆண்டு நீடிக்கும் கணக்கில் கட்டிய தடுப்பின் அருகில் அது பெரிய தோல்வியாகவே தெரியும். ஆனால் உணர்வியும் ஒளிவீச்சும் பழையதாகிப் போனாலும் சரிவு பழையதாவதில்லை, அதற்கு மின்சாரமும் வேண்டாம். கணினி தந்த நிலையான கொடை அந்த நெளிந்த வடிவம்தான், மினுங்கிய ஒளி அல்ல. தண்ணீருக்கென்று புதிதாக அருங்காட்சியகம் கட்ட முனைபவர்கள், பணத்தை முதலில் தரைக்குச் செலவிடுங்கள். திரைகளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.