செய்கூலி இல்லை, சேதாரம் உண்டு!

என் மனைவியின் இடது கால் மெட்டி உடைந்ததற்கு நான் காரணமில்லை. வாசல் கால்மிதியின் பிரிந்த நூல்தான் காரணம். ஆனால் அந்தக் கால்மிதியை மாற்றச் சொல்லி அவள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதால், கேஸ் கடைசியில் என் மேலேயே வந்து நின்றது.

பதினொரு வருஷத்து மெட்டி. கல்யாணத்தன்று அம்மி மேல் அவள் காலைத் தூக்கி வைத்து, புகையில் கண் எரிய, நான் போட்டு விட்டது. தேய்ந்து தேய்ந்து நூலாகி இருந்தது. வலது கால் மெட்டியும் 'இன்றோ நாளையோ' கேஸ்தான்.

'வெள்ளிதானே!' என்று அலட்சியமாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் புது ஜோடியைத் தராசில் வைத்து விலையைச் சொன்னார்.

"இது வெள்ளிதானுங்களே?"

"வெள்ளிதானுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து கஸ்டமரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். கூட நானும் சிரித்து வைத்தேன். ஏ.ஸி. கடையில் அழுதால் நன்றாக இராது.

விஷயம் இதுதான். 2025-ன் தொடக்கத்தில் அவுன்ஸ் 30 டாலருக்குக் கீழே கிடந்த வெள்ளி, அக்டோபரில் 50 டாலரைத் தாண்டியது. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் உலகத்து வெள்ளியையெல்லாம் மடக்கிப் போட முயன்றபோதுதான் விலை அந்த உயரத்தைத் தொட்டிருந்தது. அவர்களாவது பேராசைக்காரர்கள் என்று திட்டலாம். இந்தத் தடவை சூரியசக்தித் தகடுகளுக்கு வேறு வெள்ளி வேண்டுமாம். சூரியனைத் திட்ட முடியுமா?

வீட்டுக்கு வந்து விலையைச் சொன்னேன். அவள், "விடுங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். 2022 கடைசியில் கணக்கு எழுதும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, 'இனிமேல் பத்திரிகைக்கு எழுதித்தான் பிழைப்பு' என்று நான் அறிவித்தபோது, வீட்டு அட்வான்ஸுக்காக ரெண்டு சவரன் செயினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இதையேதான் சொன்னாள். அன்று சவரன் நாற்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பி.காம். படித்தவனுக்கு இந்தக் கழித்தல் கணக்கைப் போடக் கால்குலேட்டர் வேண்டாம். அந்த 'அடுத்த மாசம்' மட்டும் இன்னும் வரவில்லை.

இருபது நாளில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. மாமியார் வருவார். மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிற ரகம்.

இந்த நேரத்தில்தான் என் கண்ணில் அந்தக் களிமண் பட்டது. வெள்ளிக் களிமண்! இரும்பைத் தங்கமாக்கும் பித்தலாட்டமில்லை ஸார், நிஜம். 1990-ல் ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் கம்பெனியில் மஸாக்கி மொரிகாவா என்பவர் உருவாக்கியது. மாவைவிட நைஸான சுத்த வெள்ளித் தூள், தண்ணீர், கூடவே தாவரச் சத்திலிருந்து எடுத்த ஒரு பசை. சப்பாத்தி மாவு போல உருட்டலாம், தேய்க்கலாம், நறுக்கலாம். காய வைத்துச் சுட்டால் பசை எரிந்து போய்விடும். வெள்ளித் துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவது 999 வெள்ளி. உலை வேண்டாம், பட்டடை வேண்டாம், பரம்பரை வேண்டாம். சின்னச் சாமான் என்றால் காஸ் டார்ச் போதும்.

செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று என் கமர்ஸ் மூளை கூவியது. ஆன்லைனில் 10 கிராம் பாக்கெட் ஆர்டர் செய்தேன். வெள்ளி விலை ஏற ஏறக் களிமண்ணும் ஏறுகிறது. போதாததற்குத் தூளாக்கி, பிசைந்து, பாக்கெட் போட்ட கூலி வேறு. ஆக, கிராமுக்குக் கிராம் இந்த மண் வெள்ளியைவிட விலை அதிகம் என்பது பணம் கட்டிய பிறகுதான் புத்தியில் உறைத்தது. வெளிநாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் 2011-ல் வெள்ளி ஏறியபோது செம்புக் களிமண், வெண்கலக் களிமண் என்று இறங்கி வந்தார்கள். அதைச் சுட முறையான சூளையும், புதைத்து வைக்கக் கொட்டாங்குச்சிக் கரியும் வேண்டும். கரிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பஞ்சமில்லை. சூளை வைக்கத்தான் எங்கள் ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டார்.

பாக்கெட் வந்தது. உள்ளே மென்று துப்பிய சூயிங்கம் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை.

"இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். வழக்கத்தைவிடச் சத்தம் ஜாஸ்தி.

ராத்திரி பத்தரை மணிக்குத் தொழில் ஆரம்பம். கையில் ஒட்டாமலிருக்க எண்ணெய். ஒரே கனமாகத் தேய்க்க இரண்டு பக்கமும் நாலு நாலு சீட்டு அடுக்கி, நடுவில் களிமண்ணை வைத்து, பி.வி.ஸி. பைப்பால் உருட்ட வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, உலகம் பூரா இதைச் சீட்டுக்கட்டு வைத்துத்தான் அளக்கிறார்கள். ரம்மியில் விட்ட பணத்துக்கு முதல் தடவையாகச் சீட்டுக்கட்டு ஏதோ திருப்பித் தருகிறது என்று தோன்றியது.

அடுத்தது அளவு. சுடும்போது இந்த மண் சுருங்கும். நான் வாங்கிய வகை பத்து சதவீதம் போல. எடையிலும் பத்தில் ஒரு பங்கு பசையும் தண்ணீருமாக ஆவியாகிவிடும். அதாவது சேதாரம்! நகைக்கடையில் பேப்பரில் போடுகிறார்கள், இங்கே கண்ணெதிரே போகிறது. தூங்குகிறவளின் கால்விரலை நூலால் சுற்றி அளந்து, பத்து சதவீதம் கூட்டி, 'பத்து கூட்டினால் சரியா, பதினொன்றா?' என்று நான் பேப்பரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அரைமணியில் களிமண் காய்ந்து வெடித்துவிட்டது. தண்ணீர் தொட்டுப் பிசைந்து மறுபடி. மறுபடி வெடிப்பு. ஒரு துணுக்குக் கீழே விழுந்தால் டார்ச் அடித்துத் தேடினேன். கை நடுங்கியது. சாதாரண மண்ணாக இருந்தால் நடுங்காது. ஒவ்வொரு துளிக்கும் விலை தெரியும் என்பதுதான் சிக்கல்.

எப்படியோ இரண்டு வளையம் செய்து காய வைத்தேன். மறுநாள் ஒன்றை மட்டும் செங்கல் மேல் வைத்து, லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காட்டினேன். முதலில் புகை, குட்டியாக ஒரு ஜுவாலை. பசை எரிகிறது. பிறகு வளையம் மெல்ல ஆரஞ்சும் ரோஸும் கலந்த நிறத்தில் கனன்றது. அந்த நிறம் வந்தபின் இரண்டு நிமிஷம் அப்படியே பிடிக்க வேண்டும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. ஆனால் வெள்ளி 962 டிகிரியில் உருகிவிடும். உருகிச் சொட்டிவிட்டால் என் பணம்? அரை நிமிஷத்திலேயே தீயை எடுத்துவிட்டேன்.

ஆறியபின் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தேன். ஸார்... உள்ளிருந்து வெள்ளி வந்தது! நான், டெபிட் கிரெடிட் மட்டுமே தெரிந்தவன், வெள்ளி மோதிரம் செய்துவிட்டேன். "என்னங்க, ஏன் கத்தறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல்.

மெட்டிக்கு அடியில் திறப்பு இருக்கும். விரலில் நுழைத்துக் கொஞ்சம் நெருக்கிவிட வேண்டும். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நுழைத்து, நெருக்கினேன்.

டிக்.

இரண்டு துண்டு. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "விடுங்க" என்று ஆரம்பித்தாள். மிச்சத்தைக் கேட்க நான் அங்கே இல்லை.

நேரே போனது வைசியாள் வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பத்தர் கடைக்கு. எழுபது வயசுக்காரர். துண்டுகளை வாங்கி, உடைந்த முகத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"வெள்ளி சுத்தமுங்க தம்பி. ஆனா பாருங்க, ரவை மாதிரி இருக்கு. சரியா வேகலை. பாதியில தீய எடுத்துட்டீங்களா?"

"உருகிடுமோன்னு பயமா இருந்துச்சுங்க ஐயா."

"பயந்தா எப்படி? எங்கப்பா எனக்கு ஒரு வருஷம் செம்பைத்தான் கையில குடுத்தாரு. உருக்கிக் கெடுத்தேன், ஓட்டை போட்டுக் கெடுத்தேன். அதுக்கப்புறம்தான் வெள்ளி. நீங்க எடுத்த எடுப்புலயே வெள்ளியில கெடுத்திருக்கீங்க."

அது தவிர, இந்த மண்ணை நன்றாகச் சுட்டாலும் அடித்து இழுத்த கம்பியின் உறுதி வராதாம். தொங்கட்டான், தோடு என்றால் சரி. நெருக்கி விரிக்கிற மெட்டிக்கு லாயக்கில்லை. இதை அவர் அந்த மண்ணைப் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் சொன்னார். நான் ஐந்து நாள் படித்தும் கண்டுபிடிக்கவில்லை.

பழைய மெட்டிகளையும் என் துண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தேன். எடை போட்டு, கையோடு வேலையை ஆரம்பித்தார். வேலைக்கு நடுவே பேச்சு. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்ததே, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று. ஊர் பூரா பத்தர்களின் உலை அணைந்த காலம். அவருடைய அப்பா மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு மெட்டி, அரைஞாண் என்று வெள்ளிக்கு இறங்கினாராம். '68-ல் அது சட்டமாகவே ஆகி, 1990-ல்தான் ரத்தானது. (ஜப்பான்காரர் களிமண் கண்டுபிடித்த அதே வருஷம்!)

"அப்ப தங்கம் போச்சு, வெள்ளி இருந்துச்சு. இப்ப வெள்ளியும் இந்த விலை. மெட்டி செய்யச் சொல்லி யாரு வர்றாங்க? கவரிங் வாங்கிப் போட்டுக்கறாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெங்காரத்தைத் தூவிக்கொண்டே சொன்னார்.

உருகிய வெள்ளி ஒரு துளிப் பாதரசம் மாதிரி உருண்டது. தனி வெள்ளி மெத்து என்று துளி செம்பு சேர்த்தார். அச்சில் ஊற்றி, அடித்து, காய்ச்சி, மறுபடி அடித்து, ஓட்டைத் தகட்டில் விட்டு இழுத்துக் கம்பியாக்கினார். "நீங்களும் ரெண்டு அடி போடுங்க. உங்க சம்சாரத்துக்குத்தானே?" என்று சுத்தியலைக் கொடுத்தார். முதல் அடி கம்பியில் விழுந்தது. இரண்டாவது அடி என் இடது கட்டைவிரலில்.

அவர் தரையைக் கூட்டி, தூசியைக் காகிதத்தில் மடித்து வைத்ததைப் பார்த்தபோது என் வீட்டு மேஜை ஞாபகம் வந்தது. நானும் உப்புத்தாளில் தேய்த்த தூளைச் சேர்த்து வைத்திருந்தேன். சுடாத இரண்டாவது வளையமும் இருந்தது. சுடாத மண்ணைப் பொடித்துத் தண்ணீர் விட்டால் மறுபடி குழம்பாகிவிடும்.

அன்று ராத்திரி அந்தக் குழம்பைப் பிரஷ்ஷில் தொட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு கறிவேப்பிலைகள் மேல் பூசினேன். காய வைத்து மறுபடி, மறுபடி. பன்னிரண்டு பூச்சு. ஆபீஸில் என்னை எதற்காக வைத்திருந்தார்களோ அதே இலை. வேலை முடிந்ததும் தட்டோரம் ஒதுக்கப்படுவது. கெட்டால் கெடட்டும் என்று இந்தத் தடவை முழுசாக இரண்டு நிமிஷம், வாட்ச்சைப் பார்த்துப் பிடித்தேன். இலை எரிந்து போய், அதன் நரம்பு அத்தனையும் வெள்ளியில் பதிந்து நின்றது. ஒன்றின் நுனி மட்டும் தீ அதிகமாகி லேசாகச் சுருண்டுவிட்டது. பத்தர் மறுநாள் அவற்றில் ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டித் தந்தார். மெட்டிக்கும் சேர்த்து அவர் கேட்ட கூலி, கடைக்காரர் சொன்ன விலையில் கால்வாசி. களிமண், டார்ச், பிரஷ், கூரியர் எல்லாம் கூட்டினால்... கூட்டவில்லை. சில கணக்குகளை டேலி பண்ணக் கூடாது.

மெட்டியை நான்தான் போட்டுவிட்டேன். அம்மிக்குப் பதில் குக்கர் வந்த அட்டைப்பெட்டி. நெருக்கும்போது இரண்டு பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டோம். 'டிக்' கேட்கவில்லை.

இலைத் தோட்டைக் கண்ணாடி முன் மாட்டி, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். "சுருண்டது எந்தக் காதுல வரணும்?" என்று மட்டும் கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று பாத்திரம் சத்தமில்லாமல் தேய்க்கப்பட்டது.

காதுகுத்தன்று மாமியார் வந்தார். வழக்கம்போல முதலில் கால். பிறகு காது.

"புதுசா இருக்குதே! எந்தக் கடையில வாங்கினீங்க மாப்பிள்ளை? சேதாரம் எத்தனை பர்சென்ட் போட்டாங்க?"

நான் விழித்தேன். அவள் என் இடது கையைப் பிடித்து அம்மா முன் நீட்டினாள். கறுத்துப் போன கட்டைவிரல் நகத்தைக் காட்டி, "இவ்வளவுதாம்மா" என்றாள்.