டி டிரைவில் போட்டு வைத்தால் பத்திரமா?

வீட்டில் கணினி வைத்திருப்பவர்களிடம் "பேக்கப் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "எல்லாம் டி டிரைவ்ல இருக்கு". கடைக்காரர் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுப்பதால் வந்த நம்பிக்கை இது. விண்டோஸ் மட்டும் கெட்டால் இது சரிதான். ஆனால் பல கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பாகங்கள். ஒரே பீரோவின் இரண்டு தட்டில் நகையைப் பிரித்து வைப்பது போல! பீரோவே போய்விட்டால்?

பேக்கப் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு வேலைகள் உண்டு. குழப்பமே இங்கேதான்.

முதலாவது, சிஸ்டம் ரீஸ்டோர். 2000ஆம் ஆண்டு விண்டோஸ் மீ பதிப்பில் வந்தது. புது டிரைவரோ மென்பொருளோ போட்டுக் கணினி தகராறு செய்தால், சிஸ்டம் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரியையும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். அழிந்துபோன கல்யாண போட்டோவை இது திருப்பித் தராது. சில கணினிகளில் இந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, டிஸ்க் இமேஜ். விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே ஒரு நகல். 1998ல் சிமாண்டெக் வாங்கிய கோஸ்ட் இதில் பெயர் பெற்றது. நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013ல் நின்றது. இன்று குளோன்ஸில்லா இலவசமாகவே கிடைக்கிறது. இதில் இரண்டு எச்சரிக்கைகள். கணினி எழும்பாத நாளில் பூட் ஆக ஒரு பென் டிரைவை முன்பே தயார் செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு முந்தைய இமேஜைத் திரும்பப் போட்டால், அந்த மூன்று மாத வேலை போய்விடும்.

அந்த இடைவெளியை நிரப்புவது மூன்றாவது வகை, கோப்பு பேக்கப். ஆப்பிளின் டைம் மெஷின் 2007லும், விண்டோஸ் 8ன் ஃபைல் ஹிஸ்டரி 2012லும் வந்தன. மாறிய கோப்புகளை மட்டும் அவ்வப்போது வேறொரு டிஸ்க்கில் சேர்த்துக்கொண்டே போகும்.

சரி, எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கலாமா? கூடாது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, கணினியோடு இணைந்திருந்த டிஸ்க்குகளையும் பூட்டியது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்த நகல்களையும் அழித்தது. வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று அனுபவசாலிகள் சொல்லும் விதியும் இதற்காகத்தான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கணினிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவார்கள். டிஸ்க் தேய்ந்தால் புதிது வாங்கலாம். அதற்குள் இருக்கும் தாத்தாவின் குரலுக்கோ, ஐந்து வருட வரிக் கணக்குக்கோ இருப்புநிலைக் குறிப்பில் மதிப்பே கிடையாது. ஆனால் போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாதது அதுதான்.

இன்னொன்று: கணக்குக்கு இருப்பாய்வு மாதிரி, பேக்கப்புக்கும் சோதனை வேண்டும். 1998ல் பிக்ஸாரில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன. பேக்கப் இருந்தது, ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த காலின் சுஸ்மனின் கணினியில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

ஆகவே, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டாலும் நல்லதுதான், அசல் இன்னும் கையில் இருக்கிறதே!