கல்லில் நெய்த வெண்துகில்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், 1 என்னும் எண் தாங்கிய நிலத்தடி இரயில் தெற்கு நோக்கி ஓடும் வழியில் கார்ட்லண்ட் நிலையம் உள்ளது. அதற்கப்பால் இரண்டே நிலையங்கள், பின்னர் கடல். இரயில் நிற்கும் சில நொடிகளில் சாளரத்தின் வழியே நோக்குவோர்க்கு, அந்நிலையத்தின் சுவர் வெள்ளையடித்த வெறுஞ்சுவராகவே தோன்றும். நாம் இறங்கி அருகிற் சென்றோம். வெண்மையின்மேல் வெண்மையாகச் சலவைக்கல் எழுத்துகள் சுவரினின்று சற்றே புடைத்து நின்றன.

இந்நிலையம் முதன்முதல் திறக்கப்பட்டது 1918இல். 2001 செப்டம்பர் 11 அன்று அதன் அருகில் நின்ற இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது, எஃகு உத்தரங்கள் மண்ணைத் துளைத்துச் சுரங்கப்பாதைக்குள் இறங்கின. நகரில் அன்று மாண்டோர் 2,753 பேர். மறு ஆண்டே பாதை செப்பனிடப்பட்டு இரயில்கள் ஓடினவெனினும், இவ்விடத்தில் நில்லாமலே கடந்தன. 2018 செப்டம்பர் 8 அன்றுதான் நிலையத்தின் கதவுகள் மீண்டும் திறந்தன. அன்று மக்கள் கண்டதே இச்சுவர். 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட இப்பதிகல் ஓவியத்திற்குக் ‘கோரஸ்’ என்று பெயர். பலர் ஒருங்கே குரலெடுத்துப் பாடுவதைக் குறிக்கும் சொல் அது.

இதனைப் படைத்த ஆன் ஹாமில்டன் அம்மையார் ஒஹையோ மாநிலத்தில் 1956இல் பிறந்தவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் முதலிற் பயின்றது துணி வடிவமைப்பு. சிற்பம் கற்றது பின்னரே. இளமையில் பாட்டியின் அணைப்பில் அமர்ந்து, அவர் பின்னல் வேலை செய்வதையும் உரக்கப் படிப்பதையும் கேட்டு வளர்ந்ததாக அவரே கூறியிருக்கிறார். நூலிழையும் சொல்லும் அவருக்கு ஒருசேர வந்தவை போலும்! 2012இல் இதே நகரின் பழைய படைக்கலக் கூடமொன்றில் மாபெரும் வெண்திரையைத் தொங்கவிட்டு, 42 ஊஞ்சல்களை அதனோடு பிணைத்தார். வந்தவர்கள் ஆட ஆடத் திரையும் அசைந்தது.

அந்தத் துணிக்கலையே இங்குக் கல்லாகியிருக்கிறது. எழுதப்பட்டிருப்பவை இரு சாசனங்களின் சொற்கள்: ஒன்று 1776இன் அமெரிக்க விடுதலை அறிக்கை, மற்றொன்று ஐக்கிய நாடுகள் அவை 1948இல் ஏற்ற மனித உரிமை அறிக்கை. இடையே 172 ஆண்டுகள். தறியில் பாவு நீளவாக்கில் நிற்க, ஊடு குறுக்கே பாயுமன்றோ? இங்கும் சில சொற்கள் மேலிருந்து கீழாக முதுகெலும்புபோல் நிற்கின்றன; வரிகள் அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. ‘உரிமை’, ‘சமம்’ ஆகியவை இரு சாசனங்களுக்கும் பொதுவான சொற்கள். இத்தகைய பொதுச் சொற்களே இரண்டையும் பிணைக்கும் முடிச்சுகள்.

வாசிப்பது எளிதன்று என்பதையும் சொல்லவேண்டும். ஒரு வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு நடந்தால், பாதி வழியில் அது வேறொன்றினுள் புகுந்து மறைந்துவிடுகிறது. இரயிலுக்கு விரைவோர்க்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வரும் என்ற ஐயம் எழாமலில்லை. தூசி படியும் சுரங்கத்தில் வெள்ளைக் கல்லைத் தேர்ந்ததும் துணிச்சலே. ஆயினும் வேறொரு நிறத்தை நம்மால் எண்ணிப்பார்க்க இயலவில்லை. வண்ணம் வந்திருந்தால் படம் வந்திருக்கும். படம் வந்திருந்தால் நெருப்பையோ கோபுரத்தையோ கொடியையோ கண் தேடியிருக்கும்.

இச்சுவரில் மாண்டோர் பெயர்கள் இல்லை; அப்பெயர்கள் மேலே, கோபுரங்கள் நின்ற இடத்தில் அமைந்த இரு நீர்த்தடாகங்களைச் சுற்றி வெண்கலத்தில் வெட்டப்பட்டுள்ளன. நாள்தோறும் அலுவலுக்குச் செல்வோர் கடக்கும் இடத்தில் வேறொன்று வேண்டுமென ஹாமில்டன் கருதினார் போலும். கொலை நிகழ்ந்த நிலத்தடியில், மனிதர் ஒருவருக்கொருவர் வாக்களித்தவற்றை எழுதிவைத்தார். எழுத்துகளைப் புடைப்பாக அமைத்ததும் மக்கள் தொடுவதற்காகவே.

நாமும் தொட்டுப் பார்த்தோம். கல் குளிர்ந்திருந்தது. கம்பளியின் இழையைத் தடவுவதுபோல் விரல் ஏறி இறங்கியது. கண்ணுக்குத் தப்பிய சில எழுத்துகள் கைக்கு எட்டின. அதற்குள் அடுத்த இரயில் வந்து, மேடை முழுதும் மக்கள் நிறைந்தனர்.