ஈறும் உமிழ்நீரும்

ஈற்றில் இரத்தம் கசிந்தால், "உடம்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்துவிட்டது" என்று நாமாகவே முடிவுசெய்து மாத்திரை விழுங்குவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. என் தமக்கையார் ஈராண்டுகள் அவ்வாறே விழுங்கி வந்தார். அதற்குள் கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுந்தது. அடுத்ததும் ஆடத் தொடங்கியது. வலி இல்லாமையால் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. வலியின்றி வேரறுப்பதே இந்நோயின் கொடுமை.

பல் மருத்துவரான அம்மையார் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். சுண்ணாம்புச் சத்துச் சரியாகவே இருந்தது. அதில் வியப்பில்லை. கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் அவ்வளவைக் கணக்குப்பிள்ளை போல் காத்து நிற்கின்றன. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்தாவது ஈடுசெய்கின்றன. நாள்பட்ட ஈறு நோயாளரின் இரத்தத்தில் துத்தநாகம் குறைந்தும் செம்பு மிகுந்தும் இருக்கக் கண்டதாகச் சில ஆய்வுகள் கூறுவதுண்டு. எல்லா ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகவில்லை.

உமிழ்நீரின் கதையோ வேறு. அதில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் நிறையக் கரைந்துள்ளன. புளிப்பு அரிக்கும் பல்லை அவையே மீண்டும் உறுதியாக்குகின்றன. ஆனால் துலக்காமல் விட்ட பல்லின்மேல் கிருமிகள் படலமாகப் படிந்தால், அதே சத்துக்கள் அப்படலத்தில் இறங்கி அதனைக் கல்லாக்கிவிடுகின்றன. அதுவே காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் காரை மிகுதியாகச் சேர்வதற்குக் காரணம், நாவின் அடியில் உமிழ்நீர்க் குழாய்கள் திறப்பதே. ஈறு நோயாளரின் உமிழ்நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. பற்றாக்குறை என்று நாம் எண்ணிய பொருள் பல்லின் மேலேயே பாறையாகக் கிடக்கிறது! அதன் சொரசொரப்பில் கிருமிகள் தங்க, ஈறு வீங்கி விலகுகிறது. உள்ளிருக்கும் எலும்பு கரைகிறது.

"காரையை எடுத்தால் பல் ஆடுமாமே?" என்று தமக்கையார் தயங்கினார். அக்கம்பக்கத்தார் பரப்பும் இந்த அச்சம் எத்தனை பற்களைப் பலிகொண்டதோ! "பல்லைத் தாங்குவது எலும்பும் நாரும்தான், அம்மா. எலும்பு கரைந்ததால் முன்னரே ஆடும் பல்லைக் காரை மறைத்து நிற்கிறது, அவ்வளவே" என்றார் மருத்துவர்.

இரு தவணைகளில் காரை அகற்றப்பட்டது. இரவிலும் பல் துலக்கத் தொடங்கிய சில வாரங்களில் இரத்தக் கசிவு நின்றது. கரைந்த எலும்பு வளரவில்லை. ஆடிய பல் இன்னும் சிறிது ஆடுகிறது. அந்த இரத்தச் சோதனையில் வேறொன்றும் வெளிப்பட்டது: அவருக்குச் சர்க்கரை நோய். அது ஈற்றைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை அடங்க விடாது. மாத்திரை இப்போதும் உண்கிறார், சுண்ணாம்புக்கு அன்று, சர்க்கரைக்கு.