பென்சிலால் எழுதும் வரிசை

ஹொக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புற்றரையில் பதினொரு பேர் ஆடும் ஆட்டம். வட அமெரிக்காவில் அதே சொல்லைச் சொன்னால் பனித்தரைதான் எல்லோர் கண்ணிலும் தோன்றும். அங்கே ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: ஒரு கோல் காப்பாளர், இரண்டு பின்கள வீரர்கள், மூன்று முன்கள வீரர்கள். பந்துக்குப் பதிலாகக் கறுப்பு இறப்பர் வட்டு. ஆட்டத்தின் வேகம் காரணமாக ஒருவர் தொடர்ந்து முக்கால் நிமிடமளவே களத்தில் நிற்பார். அவர் வெளியேற அடுத்தவர் இறங்குவார். ஆகவே ஒவ்வொரு போட்டிக்கும் ஓர் அணி பன்னிரண்டு முன்கள வீரர்களை, மூன்று மூன்று பேராக, நான்கு வரிசைகளில் வைத்திருக்கும். இடது ஓரம், மையம், வலது ஓரம் என்று வரிசைக்கு மூன்று பெட்டிகள்.

நான் பனித்தரையைக் கண்ணால் கண்டதில்லை. சிக்காகோவில் வசிக்கும் என் மாமாவின் மகள்தான் இந்தப் பித்தை எனக்கு ஏற்றி வைத்தவள். மச்சி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். 2022இன் தொடக்கத்தில் அவள் ஒரு தாளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான்கு வரிசை, பன்னிரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அன்றைய அணி அல்ல அது. சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் அணி சில ஆண்டுகளின் பின் எப்படி இருக்கும் என்று அவள் போட்ட கணக்கு. அன்றிலிருந்து நானும் ஒரு கொப்பி வைத்து அப்படி எழுதி வருகிறேன்.

பிளாக்ஹோக்ஸ் சாதாரண அணியல்ல. 2010, 2013, 2015 என்று ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று தடவை ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. ஆனால் வெற்றி பெற்றவர்களுக்கும் வயது போகும். 2022 மார்ச்சில் நிரந்தரப் பொது முகாமையாளராக நியமிக்கப்பட்ட கைல் டேவிட்சன், பழைய அணியை ஒட்டுப்போடுவதை விட்டு, அடியிலிருந்து மீளக் கட்டியெழுப்பத் தீர்மானித்தார். அந்தக் கோடையில் அலெக்ஸ் டெப்ரிங்கட் ஒட்டாவாவுக்குக் கைமாற்றப்பட்டார். முந்திய பருவகாலத்தில் 41 கோல்கள் போட்டவர், வயது 24. இவரை ஏன் அனுப்ப வேண்டும் என்று நான் கேட்டேன். மச்சியின் பதில் இன்றும் என் கொப்பியில் இருக்கிறது: “டீம் நல்லா வரக்குள்ள அவருக்கு முப்பது ஆகிருமே, அதான்.”

அந்தப் பதிலிலிருந்து இந்தக் கணக்கின் முதற்பாடம் எனக்குப் புரிந்தது. எதிர்கால வரிசை என்பது திறமைகளின் பட்டியல் மட்டுமல்ல, வயதுகளின் சந்திப்பு. முன்கள வீரர் ஒருவர் பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதியில்தான் உச்சத்தை அடைகிறார். பன்னிரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் அந்த உச்சத்துக்கு வரவேண்டும். இளம் வீரரின் முதல் ஒப்பந்தத்துக்குச் சம்பள வரம்பு உண்டு. மூன்று ஆண்டுகள் முடிந்தால் அவர் விலை ஏறும். முழு அணிக்கும் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கும் உச்ச எல்லை இருக்கிறது. 2025-26 பருவகாலத்தில் அது 95.5 மில்லியன் டொலர். ஆகவே தாளில் பெயர் எழுதும்போது பக்கத்தில் பிறந்த ஆண்டையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதாவிட்டால் அது வெறும் ஆசைப்பட்டியல்தான்.

இளைஞர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? ஒவ்வொரு ஜூனிலும் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் உலகெங்குமுள்ள இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலானோருக்கு வயது 18. மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசையில் இடம். முதலிடம் யாருக்கு என்பதைச் சீட்டிழுப்பு தீர்மானிக்கும். 2022-23 பருவகாலத்தில் 82 போட்டிகளில் 26ஐ மட்டுமே வென்ற சிக்காகோவுக்கு முதலிடம் கிடைக்க 11.5 சதவீத வாய்ப்பே இருந்தது. ஆனாலும் சீட்டு அவர்களுக்கே விழுந்தது. கொனர் பெடார்ட் வந்தார். தாடையெலும்பு முறிந்து பல வாரங்கள் ஆடாமலிருந்தும், முதற்பருவத்தில் 68 போட்டிகளில் 61 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கோல்டர் விருதைப் பெற்றார். அதே பருவத்தில் அணி வென்றவை 23 போட்டிகள் மட்டுமே. ஒரு பெட்டி மிக நன்றாக நிரம்பினாலும் பதினொரு பெட்டிகள் மீதமிருக்கின்றன.

எட்மன்டன் அணி 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதலிடத் தேர்வைப் பெற்றது. ஆனால் அடுத்தகட்டச் சுற்றுக்குள் அது நுழைந்தது 2017இல்தான். மூன்று நட்சத்திரங்களைத் தாளில் எழுதுவது எளிது. எதிரணியின் சிறந்த வரிசையை அடக்கும் மூன்றாம் வரிசை, அடிபட்டும் வட்டை விடாத நான்காம் வரிசை, இவற்றுக்கு ஆள் தேடுவதுதான் கடினம்.

இனி மச்சியின் அந்த முதல் தாளுக்கு வருகிறேன். அதன் முதல் வரிசை இது: இடது டெப்ரிங்கட், மையம் கிர்பி டாக், வலது லூக்காஸ் ரைக்கல். டாக் 2019இல் மூன்றாவதாகத் தேர்வானவர். அணியின் வருங்கால மைய வீரர் என்றே எல்லோரும் நம்பினார்கள். இடையில் மணிக்கட்டு முறிந்தது. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. 2022 ஜூலை 7ஆம் திகதி, டெப்ரிங்கட் போன அதே நாளில், டாக்கும் மொன்றியலுக்குப் போனார். ரைக்கல் 2020இல் 17ஆவதாகத் தேர்வானவர். 2025 ஒக்டோபரில் நான்காம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றுக்காக வான்கூவருக்கு அனுப்பப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்குள் அந்த வரிசையில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அப்படியானால் அந்தத் தாள் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. பெயர்கள் போயின, பெட்டிகள் நின்றன. முதல் வரிசைக்கு ஒரு மைய வீரர் தேவை என்பதைத் தாள் சரியாகவே சொன்னது. டாக்குக்காகக் கிடைத்த 13ஆவது தேர்வுரிமையால் சிக்காகோ எடுத்தவர் ஃபிராங்க் நசார். இன்று இரண்டாம் வரிசையின் மையத்தில் என் கொப்பியில் இருப்பவர் அவர்தான். கிர்பி டாக் போனபோதும் அவருடைய தம்பி கொல்டன் டாக் சிக்காகோவிலேயே இருந்தார். எதிர்கால வரிசை எழுதுவதன் பயன், எந்த இடத்தில் குறை இருக்கிறது என்று அறிவது. எந்த மனிதர் எதுவாக ஆவார் என்பதைத் தாள் சொல்லாது. அது சொல்வதாக நாம் எண்ணும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் பெரியவர்கள் வாயாலேயே ஒரு தாள் எழுதினார்கள். உயிரியல் எடுத்தவர்கள் முதல் வரிசை. கணிதம் அதற்குப் பக்கத்தில். வர்த்தகம் அடுத்தது. கலைப்பிரிவு கடைசி. நான் உயிரியல் என்பதால் முதல் வரிசையில் எழுதப்பட்டேன். என் நெருங்கிய தோழியின் பெறுபேறு என்னுடையதைவிடச் சிறந்தது. அவள் புவியியலும் தமிழும் விரும்பிக் கலைப்பிரிவுக்குப் போனாள். “ஏன் மகள், நல்லாத்தானே பாஸ் பண்ணின நீ?” என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பிறகு ஒருநாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நாட்டுக்கு வைத்தியர் வேண்டும், பொறியியலாளர் வேண்டும், ஆசிரியை வேண்டும் என்று கணக்குப் போடுவதில் பிழையில்லை. அது பெட்டிகளை எண்ணுவது. பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரைப் பேனையால் ஒரு பெட்டிக்குள் எழுதி மூடிவிடுவது வேறு காரியம். கோடிக்கணக்கில் செலவழித்து, ஆட்களை நாடு நாடாக அனுப்பி, ஒவ்வொரு இளைஞரையும் நூறு தடவை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அணிகளுக்கே பாதிக்கணக்குப் பிசகுகிறது. முதல் வரிசையில் எழுதப்பட்டவர்களுக்கும் அது பாரம்தான். டாக்கிடம் எல்லோரும் எதிர்பார்த்தது அவர் ஆடிய ஆட்டத்தை அல்ல, தாளில் இருந்த அவருடைய பெயரை. உயிரியல் பாடத்துக்கு நான் மேசையில் அமரும்போது சில நாட்களில் இது எனக்கு விளங்குகிறது.

என் இப்போதைய தாள் 2028-29 பருவகாலத்துக்குரியது. முதல் வரிசை: ஃபிரொண்டெல், பெடார்ட், கான்ட்செரொவ். இரண்டாவது: மூர், நசார், லார்டிஸ். இந்த அறுவருக்கும் அந்தப் பருவகாலம் தொடங்கும்போது வயது 21 முதல் 24 வரை இருக்கும், வயதுகள் சந்திக்கின்றன. பெடார்ட் மையத்திலா ஓரத்திலா சிறப்பார் என்பதில் எனக்கும் மச்சிக்கும் இன்னும் உடன்பாடில்லை. மூன்றாவது வரிசை: இடதில் வனாக்கர், மையத்தில் புவாவெர். நான்காவது: கொல்டன் டாக், ரயன் கிரீன், மேசன் வெஸ்ட். வெஸ்ட் 2025இல் 29ஆவதாகத் தேர்வானவர். பாடசாலையில் அமெரிக்கக் கால்பந்தும் ஆடியவர். அவரை நான்காம் வரிசையில் எழுதும்போது என் பென்சில் மிக மெதுவாகவே அழுத்துகிறது.

மூன்றாம் வரிசையின் வலது பெட்டி வெறுமையாக இருக்கிறது. எழுதப் பெயர் இல்லாமல் அல்ல. 2015இல் ரஷ்யாவிலிருந்து ஆர்ட்டெமி பனாரின் என்ற 23 வயது வீரர் சிக்காகோவுக்கு வந்தார். எந்த ஆண்டுத் தேர்விலும் எந்த அணியும் அவரை எடுத்ததில்லை. எவருடைய தாளிலும் அவர் பெயர் இருந்ததில்லை. வந்த முதற்பருவத்திலேயே 77 புள்ளிகள் எடுத்து கோல்டர் விருதை வென்றார். அப்படி ஒருவர் வந்தால் அமர ஓர் இடம் வேண்டும். அந்தப் பெட்டியை நான் அவருக்காக விட்டு வைத்திருக்கிறேன்.